மணிதா: ஓவியர், ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே.ஜி. சுப்ரமணியன் யார்?

முழுப்பெயர் கல்பாத்தி கணபதி சுப்ரமணியன். 1924 பிப்ரவரி 15-இல் பிறந்து, 2016 ஜூன் 29-இல் வடோதராவில் (பழைய பெயர் பரோடா) தம் 92ஆம் வயதில் மறைந்தார். கேன்வாஸ், சுவர், சுடுமண், கண்ணாடி, நூல், மரப்பொம்மை என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் வேலை செய்தவர். பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் பல பத்தாண்டுகள் வாத்தியாராக இருந்தவர். வீட்டில் மணி, வங்காளத்தில் அண்ணனைக் குறிக்கும் ‘தா’வும் சேர்ந்துகொள்ள, மாணவர்களுக்கு ‘மணிதா’.

‘இத்தனை ஊடகங்களில் அலைந்தாரே, எதில் அவர் உண்மையான அவர்?’ என்று கேட்பவர்கள் அதிகம். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. ஒரு பொருளை எடுத்ததும், இது எதற்கு வளையும், எதற்கு மறுக்கும் என்று முதலில் பார்ப்பார். படம் அதற்குப் பிறகுதான். எல்லா ஊடகத்திலும் இந்த வழக்கம் மாறவில்லை. அதனால் இங்கே வாழ்க்கைக் குறிப்புகளோடு செய்முறைக் கேள்விகளும் கலந்தே வருகின்றன.

தமிழரா, மலையாளியா?

கல்பாத்தி என்ற முன்பெயர் பாலக்காட்டு அக்கிரகாரத்தைச் சொல்கிறது. தமிழ் பேசும் குடும்பம். பிறந்தது வட மலபாரில் உள்ள கூத்துப்பறம்பு. அன்று அது மதராஸ் மாகாணம், இன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டம். சிறுவயது கழிந்தது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில். கல்லூரி சென்னையில், கலைப்படிப்பு வங்காளத்தில், வேலை குஜராத்தில். எந்த மாநிலமும் முழு உரிமை கோர முடியாத வாழ்க்கை.

பொருளியல் படித்தவர் ஓவியத்துக்கு எப்படி வந்தார்?

சிறைச்சாலை வழியாக. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தபோது 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வந்தது. அதில் இறங்கிச் சிறை சென்றார். வெளியே வந்தபோது அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டிருந்தது. வரைவதில் முன்பிருந்தே ஆர்வம் உண்டு. காந்தியையும் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியையும் படித்திருந்தார். ஓவியர் நந்தலால் போஸ் தலைமையில் இருந்த சாந்திநிகேதன் கலைக்கல்லூரியான கலாபவனத்தில் 1944-இல் சேர்ந்தார்.

கைவினையைக் கலைக்குக் கீழே வைக்கக்கூடாது என்ற எண்ணம் சாந்திநிகேதனில்தான் அவருக்கு வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். குமாரசுவாமியைப் படித்த மாணவன் அந்த எண்ணத்தின் பாதியையாவது கையோடு கொண்டுபோயிருப்பான். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த குமாரசுவாமி முதலில் விரிவாக எழுதியதே இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றித்தான்.

கலாபவனத்தில் யாரிடம், என்ன கற்றார்?

மூன்று பேரிடம்: நந்தலால் போஸ், ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி, சிற்பி ராம்கிங்கர் பைஜ். இவர்களில் வினோத் பிஹாரியின் பாதிப்பே ஆழமானது. ஒரு கண்ணில் பார்வை இல்லாமல், மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வையோடு வேலை செய்தவர் அவர். பின்னாளில் அதையும் இழந்தார். 1946–47-இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்க்கையை அவர் வரைந்தபோது உதவிய மாணவர்களில் சுப்ரமணியனும் ஒருவர். இராமானுசரும் கபீரும் துளசிதாசரும் வரும் அந்த நீண்ட ஓவியம், ஈரச் சுண்ணப்பூச்சின் மேல் நேரடியாகத் தீட்டப்பட்டது.

அந்த வேலையில் உதவியாளன் கற்கும் முதல் பாடம் நேரக் கணக்கு. சுண்ணாம்பை மாதக்கணக்கில் நீற்ற வேண்டும். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் அன்றைய பகுதியைத் தீட்டி முடித்துவிட வேண்டும். ஆகவே முடிக்கக்கூடிய அளவு சுவருக்கு மட்டுமே பூச்சு. வண்ணப்பொடியைத் தண்ணீரில் மட்டும் குழைப்பார்கள், பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும்போது நிறத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் குறைவு: செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி போன்றவை. காய்ந்த பிறகு திருத்த நினைத்தால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தயங்கித் தயங்கி வரைகிறவனை அந்தச் சுவர் தள்ளிவிடும். சுப்ரமணியனின் பிற்காலத் தூரிகை ஓட்டத்தில் தெரியும் வேகம் இங்கே பழகியது என்று நினைக்க இடமுண்டு.

பணி வாழ்க்கையை ஆண்டு வரிசையில் சொல்ல முடியுமா?

1951: பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் விரிவுரையாளர். புலம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது, ஓவியர் என்.எஸ். பேந்த்ரே, சிற்பி சங்கோ சௌத்ரி ஆகியோர் அங்கே இருந்தார்கள்.
1955–56: பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளி.
1959–61: பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புத் துணை இயக்குநர்.
1961: மீண்டும் பரோடா. 1966-இல் பேராசிரியர்.
1966–67: ராக்பெல்லர் நிதி உதவியில் நியூயார்க்.
1968–74: நுண்கலைப் புலத் தலைவர்.
1980: சாந்திநிகேதன் கலாபவனத்தில் ஓவியப் பேராசிரியர். 1989-இல் ஓய்வு, அதன் பின் மதிப்புறு பேராசிரியர்.
1987–88: ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரியில் நல்கை.
2004: பரோடாவுக்கே திரும்பினார். கடைசிவரை வரைந்துகொண்டிருந்தார்.

கைத்தறி வாரியத்தில் ஓவியருக்கு என்ன வேலை?

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த இரண்டு ஆண்டுகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாத ஆண்டுகள்.

காகிதத்தில் ஒரு மாங்காய் வடிவத்தை வளைத்து வரைவது எளிது. தறியில் வளைவு என்று ஒன்றே இல்லை. பாவு நேராக ஓடுகிறது, ஊடை குறுக்கே போகிறது. இரண்டும் வெட்டும் இடங்கள்தான் படம். வளைவு என்று நாம் பார்ப்பது சிறுசிறு படிகள். நூல் பருமனாக இருந்தால் படிகள் கண்ணுக்குத் தெரியும், மெல்லியதாக இருந்தால் மறையும். அதோடு, ஒரு புட்டா (துணியில் திரும்பத் திரும்ப வரும் சிறு பூ வடிவம்) அகலத்தில் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதைத் தறியின் அமைப்பு முடிவு செய்யும், வரைபவர் முடிவு செய்ய முடியாது. பாவு நூலைத் தூக்கும் விழுதுகளின் எண்ணிக்கையைக் கேட்காமல் வடிவம் கொடுத்தால் நெசவாளர் அதைத் தம் வசதிக்கு மாற்றிக்கொள்வார், அல்லது ஓரமாக வைத்துவிடுவார். நகரத்து வடிவமைப்பாளர்கள் இன்றும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சிறிய அலகு ஒன்றை எடுத்து, அதைத் திருப்பியும் மாற்றியும் அடுக்கிப் பெரிய படம் செய்யும் முறை 1960-களில் அவர் வேலையில் அழுத்தமாக வருகிறது. பின்னால் வரும் லக்னோ சுடுமண் சுவரிலும் அதுதான், பல சட்டங்களைச் சேர்த்து ஒரே படமாக்கிய அக்காலக் கேன்வாஸ்களிலும் அதுதான். தறியிலிருந்து வந்த கை என்று சொன்னால் மிகையில்லை.

பரோடாவில் எப்படிப் பாடம் நடத்தினார்? பொம்மைகள் எங்கிருந்து வந்தன?

‘என்னைப் போல வரை’ என்று சொல்லும் ஆசிரியர்கள் அன்று நிறைய. சுப்ரமணியனின் மாணவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், ஒருவர் வேலை மற்றவர் வேலை போல இருக்காது. அதுவே அவர் கற்பித்த முறைக்குச் சாட்சி. ஓவிய மாணவன் மண்ணையும் நாரையும் அச்சையும் தொட்டாக வேண்டும், கைவினைஞரிடம் போய் உட்கார வேண்டும், கலை வரலாறு படிக்க வேண்டும் என்ற சூழல் பரோடாவில் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1961-இல் தொடங்கிய நுண்கலைச் சந்தை இதன் நீட்சி. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பொருள்கள் செய்து, ஊர்மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் விற்கும் சந்தை. அதற்காகத்தான் சுப்ரமணியன் பொம்மைகள் செய்தார். கடைந்த மரத்துண்டு உடல். கோத்த மணி கண். தோல் துண்டு காது. கயிறோ நாரோ வால். எதையும் செதுக்கி உருவம் கொண்டுவர முயலவில்லை. மரத்துண்டு மரத்துண்டாகவே இருக்கும், ஆனால் பார்ப்பவருக்கு மாடு தெரியும்.

வகுப்பில் செய்து பார்க்க ஏற்ற பயிற்சி இது. ஒரு மாணவருக்கு மரத்துண்டு மூன்று, மணி ஆறு, ஒரு விரல் அகலத் தோல் ஒரு சாண் நீளம், கயிறு ஒரு முழம். செதுக்கக்கூடாது, வண்ணம் பூசக்கூடாது, துளையிடலாம், கட்டலாம். மாணவர்கள் வழக்கமாக முதலில் செய்யும் தவறு, முகத்தில் எல்லா மணியையும் செலவழித்துவிடுவது. உடலின் சாய்வும் கழுத்து இணைப்பும்தான் விலங்கை அடையாளம் காட்டும். கண் கடைசியில் வந்தால் போதும். இன்னொரு தவறு, ஒட்டுப்பசையை நம்புவது. தோலும் மரமும் வெவ்வேறு அளவில் சுருங்கும், ஒட்டியது சில மாதத்தில் விட்டுவிடும். துளையிட்டு முளை அடித்தால் நிற்கும்.

லக்னோ சுடுமண் சுவர் எது?

சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ரவீந்திராலயா அரங்கத்தில் 1963-இல் செய்தது. தாகூரின் ‘இருட்டறை அரசன்’ நாடகத்தைத் தழுவியது. நீளம் 81 அடி, உயரம் 9 அடி. வங்காளத்துச் சுடுமண் கோயில்களில் சின்னச் சின்னப் பலகைகளாகக் கதை சொல்லும் மரபு அவருக்குத் தெரியும். அதைப் பெயர்த்து ஒட்டாமல், துண்டுகளின் சேர்க்கையால் உருவங்கள் எழும்படி செய்தார். பெயர் தெரிந்த பலரும் நேரில் பார்க்காத வேலை இது. லக்னோவில் ரயில் மாறுகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

சுடுமண் பலகையை வகுப்பில் செய்ய முடியுமா? ஏன் வெடிக்கிறது?

முடியும். பெரிய சுவர் வேண்டாம், ஆறு பலகையில் தொடங்குங்கள்.

மண்ணில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு, ஏற்கெனவே சுட்ட மண்ணை இடித்துச் சலித்த தூளைக் கலக்க வேண்டும். இது சுருக்கத்தைக் குறைக்கும், ஈரம் வெளியேற வழி விடும். 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ. கனம் உள்ள ஒரு பலகைக்கு ஈரமண் ஏறக்குறைய மூன்றரை கிலோ ஆகும். இரண்டு பக்கமும் 2 செ.மீ. உயரச் சட்டத்தை வைத்து உருட்டுக்கட்டையால் தேய்த்தால் கனம் சீராக வரும். உருவத்தை மேலே அப்புவதைவிட, பலகையையே பின்னாலிருந்து தள்ளி, கிள்ளி, மடித்து எழுப்புவது நல்லது. சுப்ரமணியனின் சுடுமண் வேலைகளில் மண் ஒரு துணியைப் போல, சப்பாத்தி மாவைப் போல நடத்தப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: மடிப்பு மடிப்பாகவே இருக்கும், விரல் பதிந்த பள்ளமே கண்ணாகிவிடும்.

அப்பியே தீர வேண்டும் என்றால் இரண்டு பரப்பையும் கீறி, குழம்பு மண் தடவி அழுத்துங்கள். இடையில் காற்று நின்றாலும் பரவாயில்லை, ஈரம் நின்றால்தான் ஆபத்து. பலகை வெடிப்பதற்குப் பெரும்பாலும் காற்றைக் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் தடித்த இடத்தில் தங்கிய தண்ணீர் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் உடைக்கிறது. ஆகவே எங்கும் 3 செ.மீ.-க்கு மேல் கனம் வேண்டாம். மூக்கோ வயிறோ துருத்தினால் பின்புறம் குடைந்துவிடுங்கள்.

காய்வதற்கு இரண்டு வாரம். முதல் நான்கைந்து நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்கள் முந்திக் காயாமல் பார்க்க வேண்டும். ஓரம் முந்தினால் பலகை தட்டுப்போல வளையும். சூளையில் முதல் சில மணி நேரம் 100 டிகிரிக்குக் கீழேயே வைத்து, பிறகு மெல்ல ஏற்றி, 900 டிகிரி அளவில் நிறுத்தலாம். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும். அந்தக் கட்டத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானமாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தவர்கள் நேர்க்கோடாக ஓடும் விரிசலைப் பார்த்திருப்பார்கள்.

மறந்துபோகும் கணக்கு ஒன்று: ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 30 செ.மீ. பலகை 27 ஆகிவிடும். லக்னோ அளவுச் சுவருக்கு இந்தக் கணக்கை விட்டுவிட்டால் கடைசியில் எட்டு அடி வெறும் சுவர் மிஞ்சும். சோதனைக்கு ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டு, உங்கள் மண்ணின் சுருக்கத்தை அளந்த பிறகே வரைபடத்தைப் பெரிதாக்குங்கள். சுவரில் பதிக்கும் முன் பலகைகளைத் தண்ணீரில் ஊற வையுங்கள். உலர்ந்த சுடுமண் சிமெண்ட் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, பிடிப்பைக் கெடுத்துவிடும்.

‘ஜெனரல்கள்’ வரிசை எதைப் பற்றியது?

1971 வங்கதேசப் போர். பதக்கங்கள் குத்திய தளபதிகள், துண்டாடப்பட்ட உடல்கள், வெற்றிக் கோப்பைகளாக அடுக்கிய கைகால்கள்: எல்லாம் சுடுமண் பலகையில். கோபத்தைக் கத்திச் சொல்லாமல் கேலியாகச் சொல்கிறார். பொம்மை செய்த அதே விரல்கள்தாம். மண்ணைக் கிள்ளினால் சதை கிழிந்ததுபோலத் தெரியும் என்பதை இத்தனை கொடூரமாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

கண்ணாடி ஓவியத்துக்கு ஏன் போனார்? அது தஞ்சாவூர்க் கலைதானே?

கண்ணாடியின் பின்புறம் வரைந்து முன்புறம் பார்க்கும் முறை 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத் தொடர்பில் இந்தியாவுக்கு வந்து பல ஊர்களில் வேர் பிடித்தது; தஞ்சாவூர் அவற்றில் ஒன்று. நம் பழைய வீட்டுப் பூஜை அறைகளில் தவழும் கிருஷ்ணன் பலவும் இந்த வகை. படித்த ஓவியர்கள் இதைக் கடைத்தெருச் சரக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். 1979 வாக்கில் சுப்ரமணியன் இதைக் கையில் எடுத்தார். தெய்வப்படத்துக்கே உரிய பளபளப்பில் சோபாவில் சாய்ந்த பெண், பூனை, ஆடு, குரங்கு, சன்னலில் எட்டிப் பார்ப்பவன் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். புனிதமும் குறும்பும் ஒரே பளபளப்பில் இருப்பதுதான் அதன் சுவை. பிறகு கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகட்டிலும் நிறையச் செய்தார்.

செய்முறை என்ன?

வழக்கமான ஓவியத்தைத் தலைகீழாக்குங்கள். கேன்வாஸில் கடைசியில் வருவது இங்கே முதலில் வரும்.

3 அல்லது 4 மி.மீ. கண்ணாடி, விளிம்பு தேய்த்தது. பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் பின் பரப்பில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாது. கோட்டுப்படத்தை இடம்வலம் மாற்றி அடியில் வையுங்கள். மாற்ற மறந்தால் கண்ணன் புல்லாங்குழலை எதிர்ப்பக்கம் பிடிப்பான், எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல வரும்.

ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் கருவிழியில் மின்னும் வெள்ளைப் புள்ளி. அது காய்ந்ததும் அதன் மேல் கறுப்புக் கருவிழி. அதன் மேல் விழி வெள்ளை. புருவம், மூக்கின் கோடு, உதட்டின் கோடு, மூக்குத்தி, கையொப்பம் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே. பிறகு கன்னத்துச் சிவப்பு. அதற்குப் பின்தான் முகத்தின் தோல் நிறம், அதுவும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு. கடைசியாகக் கூந்தலும் பின்புலமும். தோல் நிறத்தைப் பூசிய பிறகு மூக்குத்தி நினைவுக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, சுரண்ட வேண்டியதுதான்.

ஆகவே முன்கூட்டி அடுக்குகளை எண்ணிக்கொள்ள வேண்டும். ஐந்து அடுக்கு போதும். அதற்கு மேல் போனால் பிடிப்பு குறையும்.

வண்ணம் முத்து முத்தாகச் சுருள்கிறது, உதிர்கிறது. என்ன செய்வது?

சுருண்டால் பிசுக்கு மிச்சமிருக்கிறது, அல்லது நீர் அதிகம். குழைத்த வண்ணத்தில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் பரவும். இரண்டு சொட்டு விட்டால் பிறகு உரியும்.

குவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணம் காய்ந்த பிறகும் நீரில் மறுபடி கரையும். மேலடுக்கை ஈரமான தூரிகையால் தேய்த்தால் கீழே வரைந்த புருவம் கலைந்துவிடும். கெட்டியாகக் குழைத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் வேறு சிக்கல்: ஒரு பக்கம் கண்ணாடி அடைத்துக்கொள்வதால் காற்று மறுபக்கம் மட்டுமே படும், தடிமனாகப் பூசினால் மாதக்கணக்கில் காயாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அக்ரிலிக் வண்ணம் எளிது.

அக்ரிலிக் தகட்டில் வரைகிறவர்கள் ஸ்பிரிட்டையும் தின்னரையும் தள்ளி வைக்க வேண்டும். பரப்பில் நுண்விரிசல் விழுந்து பால் பூத்ததுபோல ஆகிவிடும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்துணி, அவ்வளவுதான். உலர்துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும்.

சட்டம் போடும்போது பின் அட்டை வண்ணத்தைத் தொடக்கூடாது. இடையில் மெல்லிய மரச்சில்லு வைத்து இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் அட்டை வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படத்தையும் கூடவே உரித்து வருவது பழைய தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களிலும் நடக்கிற கதை. உதிரத் தொடங்கிய பழைய படத்தை வீட்டில் துடைக்கவே வேண்டாம். கண்ணாடி மேலே இருக்கும்படி படுக்க வைத்தால் தளர்ந்த செதில்கள் கொட்டும். வண்ணப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

சாந்திநிகேதன் கறுப்பு வெள்ளைச் சுவரைப் பற்றி?

கலாபவன வளாகத்தில் வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களை 1990 வாக்கில் கறுப்பு வெள்ளையில் நிறைத்தார். வெயிலும் மழையும் தின்ற பிறகு 2009-இல், 85 வயதில், சாரத்தில் ஏறி மறுபடி வரைந்தார். பழையதை நகலெடுக்கவில்லை.

ஏன் நிறமில்லை? மரநிழல் அசையும் வெளிச்சுவரில் மெல்லிய நிறங்கள் குழம்பும். கறுப்பும் வெள்ளையும் தூரத்திலிருந்தே பிடிபடும். வங்காளத்து வெயிலில் பல நிறங்கள் வெளுக்கும், கரிக்கறுப்பு வெளுக்காது. அது மட்டுமில்லை. கண் எதை உருவம், எதை வெளி என்று எடுத்துக்கொள்வது என்று தடுமாறும்படி கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிக்கொண்டே போகிறார். இலைக்கு இடையிலிருந்து விலங்கு எட்டிப் பார்க்கும். இன்னும் இரண்டு அடி நகர்ந்தால் அது இலையாகவே ஆகிவிடும். கட்டடத்தைச் சுற்றி நடந்தால்தான் படம் வேலை செய்யும். புகைப்படம் இதைக் காட்டாது.

பிக்காசோவைப் பின்பற்றினாரா?

1950-களின் படங்களில் கியூபிசத்தின் (ஒரே பொருளைப் பல கோணங்களில் உடைத்துக் காட்டும் பாணி) நிழல் உண்டு, மறைக்கவும் இல்லை. பின்னாளில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், கொல்கத்தா காளி கோயிலருகே விற்ற காளிகாட் படங்கள், வங்காளத்துக் கதைசொல்லி ஓவியர்களான பட்டுவாக்களின் சுருள் படங்கள் எல்லாம் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன. சொற்களைக் கடன் வாங்கினார் என்பதைவிட இலக்கணங்களை ஒப்பிட்டார் என்பது பொருத்தம். துர்க்கையின் பத்துக் கைகளும் கியூபிசத்தின் பல கோணங்களும் அவர் படத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன.

கே.சி.எஸ். பணிக்கரும் இவரும் ஒருவரா?

இல்லை. பணிக்கர் 1911-இல் கோவையில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். இருவரும் ஓவிய ஆசிரியர்கள், இருவரும் கைவினையை மதித்தவர்கள் என்பதால் குழப்பம் வருகிறது.

குறிப்பிடத்தக்க மாணவர்கள்?

குலாம் முகமது ஷேக், ஜோதி பட், லக்ஷ்மா கௌட், நீலிமா ஷேக், மிருணாளினி முகர்ஜி. கடைசிப் பெயரைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வினோத் பிஹாரியின் மகள். பரோடாவில் சுப்ரமணியனிடம் சுவரோவிய வடிவமைப்பு படித்தார். சணல் கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டே ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் செய்தார். தந்தையிடம் சுப்ரமணியன் கற்றது ஒரு சுற்றுச் சுற்றி மகளிடம் போய்ச் சேர்ந்தது.

என்ன எழுதினார்?

ஆங்கிலத்தில் கட்டுரைகள். 1978-இல் வந்த ‘மூவிங் ஃபோகஸ்’, 1987-இல் வந்த ‘தி லிவிங் ட்ரெடிஷன்’ இரண்டிலும் தொடங்கலாம். நடை கொஞ்சம் கடினம். ஒரே மூச்சில் படிக்காமல் கட்டுரை கட்டுரையாகப் படியுங்கள். குழந்தைகளுக்கான படநூல்களும் உண்டு, பெரியவர்கள் ஒளித்து வைத்துப் படிக்கத் தக்கவை. பலவற்றைக் கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது.

விருதுகள்?

பத்மஸ்ரீ 1975, காளிதாஸ் சம்மான் 1981, பத்மபூஷண் 2006, பத்மவிபூஷண் 2012.

படைப்புகளை எங்கே, எப்படிப் பார்ப்பது?

புதுதில்லி தேசிய நவீன ஓவியக் காட்சியகத்தில் படைப்புகள் உண்டு. 2003-இல் அங்கே பெரிய பின்னோக்குக் காட்சியும் நடந்தது. சேமிப்பில் உள்ள எல்லாமே எப்போதும் சுவரில் தொங்காது என்பதால் போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாந்திநிகேதனுக்கு ஹௌராவிலிருந்து போல்பூர் போகும் ரயில். வளாகத்தில் புதன்கிழமை வார விடுமுறை. ஞாயிறு என்று நினைத்துத் திட்டமிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. கலாபவனம் இயங்கும் கல்லூரி, அருங்காட்சியகம் கிடையாது. உள்ளே போவதற்கும் படம் எடுப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். முடிந்தால் இந்தி பவனத்தின் வினோத் பிஹாரி சுவரை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு கறுப்பு வெள்ளைக் கட்டடத்துக்கு வாருங்கள். காலையில் ஒருமுறை சுற்றி வந்து, வெயில் சாய்ந்ததும் இன்னொருமுறை சுற்றினால், காலையில் இலை என்று விட்டுவந்த இடத்தில் ஒரு வால் தெரியும்.